பட்டிமன்றத்துக்கு வழக்குக் கொண்டுபோனவன்

தேவாரம் ஊர்க்காரன் சோணைக்கு அணு என்ற சொல் தெரிய வந்தது, அதற்குள்ளேயே போய் வேலை பார்த்து முடித்துத் திரும்பி வந்த பிறகுதான். அங்கே இருந்தவரை அது அவனுக்குப் ‘பிளான்ட்’. பிளான்டுக்குப் போறேன், பிளான்டுல சோப்புக் கொடுக்கிறாக, பிளான்டுச் சோறு நல்லாருக்கு. அவ்வளவுதான்.

எண்பத்து நான்காம் வருடம் மழை ஏமாற்றியது. மலையடியில் சோணைக்கு இருந்த மானாவாரிக் காட்டில் சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகியது. கருகாமல் தப்பியதை யானை மிதித்தது. அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. ராசிங்காபுரத்துத் தாய்மாமன் ராக்கையாவின் மகள் அன்னக்கொடியைக் கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில்தான் ஆள் பிடிக்கிறவன் ஒருவன் வந்து, வடக்கே கரண்டு எடுக்கிற இடத்தில் வேலை இருக்கிறது, வெயிலில் நிற்க வேண்டாம், மண் சுமக்க வேண்டாம் என்றான். சோணை போனான்.

வேலை சுலபமாகத்தான் இருந்தது. ஏன் இவ்வளவு சுலபமாக இருக்கிறது என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை. குழாய்களின் கீழே தேங்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி வாளியில் பிழிய வேண்டும். கையுறை கொடுத்தார்கள். சட்டைப் பையில் ஒரு வில்லையைக் குத்தி உள்ளே அனுப்பினார்கள். ஒரு வெற்றிலை போட்டு மென்று முடிப்பதற்குள் ஊதல் ஊதி வெளியே கூப்பிட்டு அடுத்த ஆளை அனுப்பினார்கள். வெளியே வந்ததும் குளியல். குளித்துவிட்டு ஒரு மெஷின் முன்னால் நிற்க வேண்டும். மெஷின் கத்தினால் மறுபடியும் குளியல். வில்லையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அதில் என்ன பதிந்திருக்கிறது என்று அவனிடம் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. நிரந்தர ஆட்களுக்குச் சொல்வார்களாம். கான்ட்ராக்டில் வந்தவனுக்கும் உடம்பு ஒன்றுதான் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஒரு மனிதனுடைய உடம்பில் என்ன ஏறியது என்பதை அவனிடமே மறைப்பதற்குப் பெரிய சதி எதுவும் தேவையில்லை. அவன் யாருடைய ஆள் என்பதைத் தெளிவில்லாமல் வைத்திருந்தால் போதும்.

எண்பத்தாறு தைப்பொங்கலுக்குச் சோணை ஊர் திரும்பினான். கன்னையன் டீக்கடையில் அவன் பேச்சைக் கேட்கவே ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

“கண்ணுக்குத் தெரியாத அழுக்குண்ணே. நமக்குப் பார்த்தா சுத்தமாத்தான் இருக்கும். மெஷினு கண்டுபிடிச்சுக் கத்தும். ஒரு தடவ எனக்கு விடாமக் கத்துச்சு. ஒவ்வொரு வாட்டியும் புதுச் சோப்பு!”

ஊர் சிரித்தது. சோணையும் சிரித்தான். தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கோடையில் ரஷ்யாவிலிருந்து செய்தி வந்தது. செர்னோபில் என்ற இடத்தில் அணு உலை வெடித்துவிட்டது. டீக்கடையில் பேப்பர் வாசித்தவர் அந்தப் பெயரை ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு விதமாக வாசித்தார். மற்றதெல்லாம் எல்லோருக்கும் புரிந்தது. மேகத்தோடு போகிறதாம். புல்லில் இறங்கி மாட்டுப் பாலில் வருகிறதாம். வயிற்றுப் பிள்ளைவரை போகுமாம்.

கன்னையன் டீ ஆற்றுவதை நிறுத்தினான். “ஏப்பா சோணை, நீ போயிருந்த எடத்துல கரண்டு எதுல எடுக்குறாக?”

“தெரியலண்ணே. உள்ள பெரிய பெரிய குழாயாப் போகுது.”

“இதுலதான் எடுப்பாக,” என்றார் பேப்பர்க்காரர், செய்தியை விரலால் தட்டி. “ஒனக்கு மெஷினு கத்துனது இதுக்குத்தாண்டா.”

கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் ஒட்டும், குளித்தாலும் முழுதாகப் போகாது. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று தேவாரத்துக்கு எந்த விஞ்ஞானியும் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அப்படி ஒன்றை நம்பித்தான் ஊரையும் சேரியையும் தனித்தனியாக வைத்திருந்தார்கள். கதிர்வீச்சு என்ற புதுச்சொல் வந்ததும் அதை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்துச் சோணை டீ கேட்டபோது, கன்னையன் கண்ணாடி கிளாஸை எடுக்காமல், கடைப் பக்கவாட்டில் ஆணியில் தொங்கிய அலுமினியக் குவளையை எடுத்து அதில் ஊற்றினான். அவன் முகத்தில் வெறுப்பு எதுவும் இல்லை. வழக்கமாகச் செய்கிறதைச் செய்கிற முகம்.

அந்தப் பக்கவாட்டில், மண்ணில் குந்தியிருந்த சேரிக்காரன் அமாவாசை நிமிர்ந்து பார்த்தான். அவன் கையிலும் அதே குவளை.

“வாங்கண்ணே, இப்படி நிழலுக்கு வாங்க,” என்றான். “எங்களுக்கெல்லாம் எந்த ஊருல வெடிச்சு வந்துச்சுன்னே தெரியல. ஒங்களுக்கு ஊரு பேராச்சும் பேப்பர்ல வந்திருக்கு.”

சோணைக்குச் சிரிப்பு வரவில்லை. டீயைக் கீழே கொட்டிவிட்டு நடந்தான். அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தால் அவனுக்கு ஒரு பேச்சுத் துணையாவது கிடைத்திருக்கும். தனக்கு நடந்தது அநியாயம் என்று அவனுக்குச் சட்டென்று தெரிந்தது. அமாவாசைக்கு நடப்பதும் அதுதான் என்பது தெரியவில்லை. அதை அவன் அதுவரை பார்த்ததே இல்லை, தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தும்.

அன்னக்கொடி அப்போது உண்டாகியிருந்தாள். ஆடி பிறந்ததும் மாமியார் ஆயம்மாள் வந்து மகளை அழைத்துப் போனாள். ஆடிக்கு அழைப்பது ஊர் வழக்கம்தான், ஆனால் அவள் மகளுடைய சேலைகளை எல்லாம் மூட்டை கட்டியபோதே சோணைக்கு மனசு இடறியது.

“பேறுகாலம் முடியட்டும் மாப்ளே,” என்றாள் ஆயம்மாள், வாசலுக்கு வெளியே நின்றபடியே. “வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாருக்குப் பதில் சொல்ல?”

“கொஞ்ச நாளுதான, வந்துருவேன்,” என்று அன்னக்கொடி சொன்னாள். பஸ் ஏறும்வரை நான்கைந்து முறை சொன்னாள்.

ஆவணி வந்தது. அவள் வரவில்லை. காலி வீட்டில் ஒற்றை ஆளுக்கு அடுப்பு மூட்டப் பிடிக்காமல் சோணை போடியில் ஜீப்பு ஏறி மலைமேல் மெட்டைத் தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போனான். அது காய் எடுக்கிற பருவம். பறித்த பச்சைக் காயை அப்படியே காயவைத்தால் வெளுத்துவிடும். வெளுத்த காயை வெளிநாட்டுக்காரன் வாங்கமாட்டான். அதனால் ஸ்டோர் என்று அவர்கள் சொல்கிற காய் உலர்த்தும் கூடத்தில், ஒரு தொட்டி நிறையச் சோடா உப்பைக் கரைத்து, காயை அதில் ஊறப்போட்டு அள்ளி, அப்புறம்தான் சூட்டறைக்குள் பரப்புவார்கள். சோடாத் தண்ணீர் கையை அரிக்கும். அதனால் ஆள் மாற்றி ஆள் முறைவைத்து அந்த வேலையைச் செய்வார்கள்.

தேவாரத்துப் பேச்சு ஜீப்பில் ஏறி அவனுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அவன் கைவிட்ட தொட்டியில் தாங்கள் கைவிட மாட்டோம் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். கங்காணி சின்னச்சாமி சுலபமாக வழி கண்டுபிடித்தான். முறையை எடுத்துவிட்டான். தொட்டி முழுக்கச் சோணைக்கே.

“ஒனக்கென்னப்பா, அணுவையே அள்ளுன கையி. சோடா என்ன செஞ்சிரும்?”

முதலில் விரல் நுனி வெளுத்தது. பிறகு தோல் வெடித்து, பட்டை பட்டையாக உரிந்து, உள்ளங்கை சிவந்து கிடந்தது. சின்னச்சாமியிடம் காட்டினான். மலைமேல் பல வருடம் இருந்து பாதி மலையாளம் பேசுகிற கங்காணி, “சாரமில்லடா, எண்ணெய் தடவு,” என்று போய்விட்டான். ரப்பர் கையுறை ஒன்று வாங்கிப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். தொட்டிக்கு வேண்டியதை வாங்கினார்கள், சூட்டறைக்கு வாங்கினார்கள், கைக்கு வாங்கவில்லை.

மற்றவர்கள் லயத்து வீடுகளுக்குப் போய்ப் படுத்தார்கள். சோணைக்கு ஸ்டோரின் மூலையில் சாக்கு விரித்துக் கொடுத்தார்கள். வெளியே மஞ்சு கதவுவரை வந்து நிற்கும். தகரக் கூரையில் மழை இறங்கும். பேச ஆள் இல்லாமல் அவன் காய் அலசும்போது தொட்டித் தண்ணீரைப் பார்த்துப் பிள்ளைக்குப் பேர் வைத்துப் பார்த்தான். ஆணாக இருந்தால் அப்பன் பேர் என்று முடிவாகியிருந்தது. பெண்ணாக இருந்தால் ஆத்தா பேரா, புதுப்பேரா என்பதில் அவனுக்கும் தொட்டிக்கும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

கார்த்திகையில் பெண் பிறந்தாள். லோடு ஏற்ற வந்த ஜீப்பு டிரைவர் சொல்லித்தான் தெரிந்தது. சோணை அப்போதே கீழிறங்கி, போடியில் ஒரு கிலுகிலுப்பை வாங்கிக்கொண்டு ராசிங்காபுரத்துக்கு ஓடினான். வாசலில் ஆயம்மாள் எதிரே வந்தாள். கிலுகிலுப்பையைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

“நில்லுங்க அங்ஙனயே! கையென்ன கையி?”

“சோடா அத்தே. சோடாத் தண்ணியில...”

“சோடாவா? ஒங்க மாமா தெனம் சாப்பாடு செமிக்கலன்னு கடையில வாங்கிக் குடிக்கிறாரே, அந்தச் சோடாவா? அவரு நாக்கு உரிஞ்சு தொங்குதா?”

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். இது வேறு சோடா என்று சொல்வதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. அவன் அங்கேயே நின்றான். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து அன்னக்கொடியின் குரல் மட்டும் வந்தது. “பொட்டப்பிள்ள. நல்லாருக்கா. மூக்கு ஒங்க மூக்கு.” அதற்குமேல் அவளைப் பேசவிடவில்லை. கிலுகிலுப்பையைத் திண்டில் வைத்துவிட்டு மறுபடி மலையேறினான். தை முடிந்தும் அவன் பிள்ளையைப் பார்க்கவில்லை.

அந்தச் சமயம் அணு உலை பற்றிய விவாதம் நாடெங்கும் சூடாக இருந்தது. இன்னும் உலைகள் கட்ட வேண்டும் என்று ஒரு கூட்டம், இருப்பதையே மூட வேண்டும் என்று ஒரு கூட்டம். போடியிலும் ஒரு வாசகர் வட்டம் இருந்தது. வக்கீல் திருப்பதி அதன் தலைவர். நிறையப் படித்தவர், கூட்டத்தைக் கட்டிப்போடப் பேசுகிறவர். ‘அணுமின்சாரம்: ஆக்கமா, அழிவா?’ என்று மாசி மாதம் பட்டிமன்றம் ஏற்பாடு செய்தார். அழிவே என்ற அணிக்கு அவர்தான் தலைவர். ஜீப்பு ஸ்டாண்டில் யாரோ சோணையின் கையைப் பற்றிச் சொல்ல, ஆளனுப்பி அவனைக் கூப்பிட்டார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதை ஜனங்க பார்க்கணும் சோணை.”

“இது சோடாங்கய்யா. ஏலக்கா ஸ்டோருல உரிஞ்சது.”

“அதை அங்க சொல்ல வேண்டாம். நீ பிளான்டுல இருந்தவன்ல? கையைக் காட்டு. மிச்சத்தை நான் பேசிக்கிறேன்.”

“பேசி முடிச்சு?”

“ரெண்டு பக்கமும் கேட்டுட்டு நடுவர் தீர்ப்புச் சொல்லுவார்.”

சோணையின் காதில் அந்தச் சொல் மட்டும் விழுந்தது. தீர்ப்பு. அவன் பட்டிமன்றம் பார்த்தவன் அல்ல. மந்தையில் பஞ்சாயத்துப் பார்த்தவன். ரெண்டு பக்கமும் கேட்பார்கள், பெரிய மனுசன் தீர்ப்புச் சொல்வான், ரெண்டு பக்கமும் கட்டுப்பட வேண்டும். மதுரையிலிருந்து நடுவர் வருகிறார் என்றால் அந்தத் தீர்ப்புக்கு எவ்வளவு மரியாதை இருக்கும்! அன்றைக்கே ராசிங்காபுரத்துக்குப் போய், களத்தில் நின்ற மாமன் ராக்கையாவைப் பார்த்தான்.

“மாமா, போடியில இந்த அணு விசயமாத் தீர்ப்புச் சொல்றாக. படிச்ச நடுவரு மதுரையில இருந்து வர்றாரு. பிள்ளையத் தொடக்கூடாதுன்னு அவரு சொல்லிட்டா நான் இந்தப் பக்கமே வரல. தொடலாம்னு சொல்லிட்டா நீங்க ஆத்தாளையும் பிள்ளையையும் அனுப்பணும்.”

ராக்கையா வாழ்நாளில் பாதியைப் பஞ்சாயத்துகளில் கழித்தவர். கேட்கவே அவருக்குப் பிடித்திருந்தது. “நல்லது மாப்ளே. ரெண்டு பேரும் கட்டுப்படுவோம்,” என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். மண்டபம் நிறைந்துவிட்டது. மைக் செட்டும் பந்தலும் ஏலத்தோட்ட முதலாளியின் உபயம். சோணை வேலை பார்த்த தோட்டம் அவருடையதுதான். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ராக்கையா நடுவில் நல்ல இடமாகப் பார்த்து, சாட்சி சொல்ல வந்தவர்போல விறைப்பாக உட்கார்ந்தார்.

நடுவர் முதலில் தம் மனைவியைப் பற்றி ஒரு ஹாஸ்யம் சொன்னார். “செர்னோபில் ஒரு தடவைதான் வெடித்தது, எங்கள் வீட்டிலோ...” என்று அவர் நிறுத்தியதும் மண்டபம் குலுங்கியது. போன வருடம்தான் அங்கே நெருப்பணைக்கப் போன வாலிபர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் துடித்துச் செத்தார்கள். இங்கே அதற்குக் கைதட்டல்.

ஆக்கமே என்ற அணிக்கு, அணுமின் நிலையம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர் தலைவர். ரஷ்ய உலை வேறு அமைப்பு, நம்முடையது வேறு அமைப்பு என்று படம் வரைந்து காட்டினார். அடுப்பு வெடிக்கும் என்று பயந்து பச்சை அரிசியைத் தின்பீர்களா என்று கேட்டார். வக்கீல் திருப்பதி எழுந்தார். உலை வேறாக இருக்கலாம், உலையைக் கவனிக்கிற மனிதன் தூங்கமாட்டான் என்று எந்தப் படத்தில் வரைந்து காட்டுவீர்கள் என்றார். விபத்து நடந்தால் ஜனங்களை எந்த வழியாக, எந்தப் பஸ்ஸில், எந்த ஊருக்குக் கொண்டுபோவீர்கள், அந்த ஊருக்கு அது தெரியுமா என்றார். பொறியாளர் எழுந்திருக்கவில்லை. அத்தோடு உட்கார்ந்திருந்தால் வக்கீல் அன்றைக்கு ஜெயித்திருப்பார். உண்மை கையில் இருக்கும்போதே ஒரு பொய்யையும் கூடச் சேர்த்துக்கொள்ள ஆசைப்பட்டார்.

“சோணை, மேடைக்கு வா!”

சோணை ஏறினான். வக்கீல் அவன் கைகளைப் பிடித்து உயர்த்தினார். முன்வரிசைப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். “அணுமின் நிலையத்தில் கூலிக்குப் போன உங்கள் மாவட்டத்துக்காரன். இந்தக் கைகளைப் பாருங்கள். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?”

மைக் சோணையின் வாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது.

“இல்லைங்க. கை சோடாவுல உரிஞ்சது,” என்றான். அவன் குரல் மண்டபத்தைத் தாண்டித் தெருவில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலும் கேட்டது. “குடிக்கிற சோடா இல்லைங்க. ஏலக்கா வெளுக்காம இருக்கறதுக்குப் போடுற சோடா. ஸ்டோருல எல்லாருக்கும் கொஞ்சம் உரியும். எனக்குத் தொட்டி வேலையே குடுத்ததால ரொம்ப உரிஞ்சுபோச்சு. மாமா, நல்லாக் கேட்டுக்கங்க!”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. வக்கீல் அவன் கைகளைத் தம் கையிலிருந்து நழுவவிட்டார். முதல் வரிசையில் முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. பொறியாளர் துள்ளி எழுந்தார். “பார்த்தீர்களா! அணுவால் தனக்கு ஒரு கேடும் இல்லை என்று எதிரணியின் சாட்சியே சொல்லிவிட்டார்!”

“அப்படியும் சொல்லலைங்கய்யா,” என்றான் சோணை. “கைக்குத்தான் சோடா. உள்ள எவ்வளவு ஏறுச்சுன்னு எனக்குச் சொல்லலையே. ஒங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லுங்க. எம்பிள்ளைய நான் தூக்கலாமா, கூடாதா? அதக் கேக்கத்தான் வந்தேன்.”

பொறியாளர் வாயைத் திறந்தார். அதற்குள் நடுவர் மணியை அடித்துவிட்டார். ஒவ்வொரு அணிக்கும் கொடுத்த நேரம் முடிந்திருந்தது.

தீர்ப்பு வந்தது. கத்தியால் காயும் நறுக்கலாம், கழுத்தையும் அறுக்கலாம். அதுபோல் அணுவிலே ஆக்கமும் உண்டு, அழிவும் உண்டு. நல்லவர் கையில் இருந்தால் ஆக்கம், தீயவர் கையில் இருந்தால் அழிவு. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த நல்லவர்கள் யார், அவர்களை யார் சோதித்துச் சொன்னார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பக்கமும் சாயாமல் பேசுவதையே நம் ஆட்கள் நியாயம் என்று நினைக்கிறார்கள். நசுங்குகிறவன் ஒரு பக்கத்தில்தான் கிடக்கிறான்.

வெளியே ராக்கையா துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு நின்றார். “கேட்டேல்ல மாப்ளே? அழிவும் உண்டுன்னுட்டாரு.”

“ஆக்கமும் உண்டுன்னாரே மாமா!”

“உண்டுதான். நான் இல்லேங்கல. ஆனா பச்சப்பிள்ள விசயத்துல அந்த ரெண்டாவது உண்டு ஒண்ணு போதும்ல? கட்டுப்படுறேன்னு சொன்னது நீதான்.” அவர் குரலில் கேலி இல்லை. உண்மையிலேயே தீர்ப்புக்குக் கட்டுப்பட்ட மனிதராகப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

வக்கீல் கடந்து போனார். “மானத்தை வாங்கிட்டியேடா.”

“கை என்னோடதுங்களேய்யா,” என்றான் சோணை.

எங்கே போவதென்று தெரியாமல் அவன் மண்டபத்தின் பின்பக்கம் போனான். அங்கே பேச்சாளர்களுக்கு இலை போட்டிருந்தார்கள். கை கழுவிவிட்டுத் திரும்பிய பொறியாளர் அவனைப் பார்த்ததும் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“பிள்ளையைத் தாராளமாத் தூக்கலாம்ப்பா. நீ குளிச்சு, அந்த மெஷின் கத்தாம வெளியே விட்டாங்கல்ல? ஒங்கிட்ட இருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. உள்ள ஏதாவது ஏறியிருந்தா அதோட பாடு ஒன் உடம்போட. பக்கத்துல படுத்தவளுக்குக்கூட வராது.”

“எவ்வளவு ஏறுச்சுங்க?”

“அது எனக்குத் தெரியாது. கான்ட்ராக்ட்காரனைத்தான் கேக்கணும். அவன் சொல்லமாட்டான்.”

“இத மேடையில சொல்லியிருக்கலாமுல்லங்க?”

பொறியாளர் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். “மணி அடிச்சிட்டாரே,” என்றார்.

யாருக்கும் ஒட்டாது. போடித் தெருவில் நடந்துகொண்டே சோணை அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். மனிதனுக்கு வருகிற நோவில் இப்படி ஒரு நோவா? சொறி சிரங்குகூட இன்னொருவனோடு பங்கு போட்டுக்கொள்ளும். இது அவனுக்கே அவனுக்கு என்று எழுதி வைத்தது. ஆனாலும் அவன் அன்றைக்குச் சந்தோசப்பட்டான். அதைவிடத் தனிமையான சந்தோசத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

காலையில் ஜீப்பு ஸ்டாண்டில் சின்னச்சாமி கையால் மறித்தான். “ஏறாதப்பா. முதலாளி ஒனக்கு சோலி இல்லைன்னுட்டாரு. ஊரு பூராக் கேக்க மைக்குலயா சோடாக் கணக்குச் சொல்லுவாக?” ஜீப்பு போய்விட்டது. சோணை எதிர்த்திசையில் ராசிங்காபுரம் பஸ்ஸைப் பிடித்தான்.

ராக்கையா காட்டுக்குப் போயிருந்தார். ஆயம்மாள் முற்றத்தில் மொச்சை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“அத்தே, ஒட்டாதாம். அந்த இன்ஜினியரே சொன்னாரு.”

“மேடையிலயா?”

“இல்ல, பின்னாடி. கை கழுவுற எடத்துல.”

“கை கழுவுற எடத்துல சொன்னதெல்லாம் தீர்ப்பா?”

அன்னக்கொடி உள்ளேயிருந்து வந்தாள். மெலிந்திருந்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராக வந்து பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள். “கழுத்தத் தாங்கிப் பிடிங்க. இப்பத்தான் நிக்குது.”

ஆயம்மாள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. சோணைக்கு எதுவும் கேட்கவில்லை. இத்தனை கனமாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. பிள்ளை அவனைப் பார்த்தது, அவன் சட்டைப் பித்தானைப் பார்த்தது, பித்தானையே பிடித்துக்கொண்டது. மூக்கு அவன் மூக்குதான்.

“பார்த்தாச்சுல்ல மாப்ளே. குடுத்துட்டுக் கெளம்புங்க. சோலியும் போச்சாமே? பஸ்சுல வந்தவுக சொல்றாக. சோலி இல்லாதவன்கூட எங்ஙன அனுப்ப?”

வேலை இல்லை என்பது உண்மை. அன்னக்கொடியின் முகத்தைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கினான். வேலை தேடிக்கொண்டு வரலாம், மெட்டுக்கு அந்தப்பக்கம், தன் பேர் தெரியாத தோட்டமாகப் பார்த்து. அப்படி நினைத்துக்கொண்டு தெருமுனைவரை வந்துவிட்டான்.

அப்போது பிள்ளை வீரிட்டது. பசிக்கு அழுகிற அழுகை இல்லை. கூடவே தண்ணீர் கொட்டுகிற சத்தமும் ஆயம்மாளின் குரலும். “தொட்டான்ல, கழுவாம விடலாமாடி?”

சோணை திரும்பினான். முற்றத்தில் ஆயம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் போட்டு, பானைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். அன்னக்கொடி செம்பைப் பிடுங்கப் பார்த்தாள். அவன் குனிந்து, ஈரப் பிள்ளையை அப்படியே வாரி எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு, மொச்சைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

“குளிப்பாட்டுங்க அத்தே,” என்றான். “குளிப்பாட்டி முடிச்சதும் நான் தூக்குவேன். மறுபடி குளிப்பாட்டுங்க, மறுபடி தூக்குவேன். ஒங்க கெணத்துல தண்ணி தீருதா, நான் போறேனான்னு பாப்போம். எனக்குத்தான் சோலி இல்லையே.”

கதவுகளில் நின்றவர்களில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். ஆயம்மாள் செம்போடு எழுந்து நின்றாள். ஊற்றினால் பிள்ளை நடுங்கும், ஊற்றாவிட்டால் தீட்டு. அவளுடைய எண்பது தலைமுறை நம்பிக்கை அந்தச் செம்பில் நின்று தளும்பியது. பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தது.

கொடியில் கிடந்த பழைய வேட்டித் துணியை இழுத்து அன்னக்கொடி அவன் மடியில் போட்டாள். “பேசுனது போதும். தலையத் துவட்டுங்க, சளி பிடிச்சுக்கும்.”

அவன் துவட்டத் தெரியாமல் ஒற்றி ஒற்றி எடுத்தான். போடி போகிற பஸ் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது. பிள்ளையின் அழுகை விக்கலாகக் குறைந்தது. அன்னக்கொடி எதிரே குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காதுக்குப் பின்னால,” என்றாள். “அங்க இன்னும் ஈரம் நிக்குது.”